ஒக்டோபர் முப்பது

மடுல்சீமைக் கடைத்தெருவில் எந்தத் தேநீர்க் கடைக்குள் நுழைந்தாலும் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கக் காணலாம். மேலே தெய்வப் படம். அதன் கீழே கடைக்காரரின் பெயர். அதற்கும் கீழே நாளுக்கொன்றாகக் கிழிக்கப்படும் தாள். அத்தாளில் திகதி இருக்கும். திதி, நட்சத்திரம், இராகு காலம், போயா நாள் யாவும் இருக்கும். மலைக்கு ஏறுமுன் ஒரு கோப்பைச் சாயத்தண்ணீருக்காக நிற்கும் தொழிலாளி அதனை நிமிர்ந்து பார்ப்பது பெரும்பாலும் இரண்டு கணக்குகளுக்காகவே: சம்பளத்துக்கு இன்னும் எத்தனை நாள்? தீபாவளி முற்பணத்துக்கு இன்னும் எத்தனை நாள்?

எனக்கு வேறொரு பழக்கம் உண்டு. ஏதேனும் ஒரு திகதியை எடுத்துக்கொண்டு, வெவ்வேறு ஆண்டுகளில் அந்நாளில் உலகில் என்னென்ன நிகழ்ந்தன என்று ஒரு கொப்பியில் குறித்து வைப்பேன். இது வீண் வேலை என்று நண்பர்கள் கேலி செய்வர். பெரும்பாலான நாட்களைப் பொறுத்தமட்டில் அவர்கள் கூற்று சரியே. பூமி கதிரவனை வலம்வந்து பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது என்பதனால் மட்டும் இரண்டு நிகழ்ச்சிகளுக்கிடையே உறவு ஏற்பட்டுவிடாது. ஆயினும் ஒக்டோபர் 30 என்னும் தாளை எழுதும்போது என் பேனா சற்றுத் தயங்கி நின்றது. அதில் வேடிக்கைகள் பல உள. வேடிக்கை அல்லாத ஒன்றும் உளது. வேடிக்கைகளையே முதலிற் சொல்லிவிடுகிறேன்.

திகதி என்பது மனிதன் வகுத்துக்கொண்ட ஏற்பாடுதான் என்பதற்கு இந்நாளே சாட்சி. 1905-ஆம் ஆண்டில், வேலைநிறுத்தங்களால் நாடே அசையாது நின்றுவிட்ட வேளையில், ரஷ்யப் பேரரசன் இரண்டாம் நிக்கலஸ், பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் தேர்தல் வழி அமையும் ஒரு சபையும் அளிப்பதாகக் கூறும் பிரகடனத்தில் ஒப்பமிட்டான். வரலாற்று நூல்கள் அதனை ஒக்டோபர் 17 பிரகடனம் என்று அழைக்கின்றன. ஆனால் உலகின் பெரும்பகுதியில் அன்று ஒக்டோபர் 30. பழைய ஜூலியன் நாட்காட்டியைக் கைவிடாத ரஷ்யா பதின்மூன்று நாட்கள் பின்தங்கி நடந்துகொண்டிருந்தது. ஒக்டோபர்ப் புரட்சியின் ஆண்டு விழாவைப் பிற்காலத்தில் நவம்பர் மாதத்தில் கொண்டாட நேர்ந்ததும் இதனாலேயே. கொடுத்த உரிமைகளை அப்பேரரசன் அடுத்த சில ஆண்டுகளிலேயே குறைத்துக் குறைத்து எடுத்துக்கொண்டான். ஒப்பமிடுவது எளிது, ஒப்பமிட்ட மை காயுமுன்னரே மனம் மாறுவதும் எளிது.

அதே தேசத்தில் 56 ஆண்டுகள் கழித்து, 1961-ஆம் ஆண்டு ஒக்டோபர் 30-ஆம் திகதி இரண்டு காரியங்கள் நடந்தன. காலையில், வடதுருவத்தை அடுத்த நொவாயா செம்ல்யாத் தீவின் மீது ஓர் ஐதரசன் குண்டு வெடித்தது. அதன் வலிமை சுமார் 50 மெகாதொன். ஐந்து கோடித் தொன் வெடிமருந்துக்கு ஈடு. அதற்கு முன்னரும் பின்னரும் மனிதன் வெடித்த குண்டுகளுள் அதுவே பெரிது. அதே நாளில் மொஸ்கோவிலே கூடியிருந்த கட்சியின் 22-ஆவது மகாநாட்டில் லசூர்கினா என்ற முதிய பெண்மணி பேச எழுந்தார். ஸ்டாலின் காலத்தில் பல ஆண்டுகளைச் சிறையிலும் முகாமிலும் கழித்தவர் அவர். லெனினுடைய கல்லறை மண்டபத்தில் அருகே வைக்கப்பட்டிருந்த ஸ்டாலினின் உடலை அகற்ற வேண்டும் என்பது அவர் வாதம். அதற்கு அவர் காட்டிய ஆதாரந்தான் விசித்திரமானது. தாம் முதல் நாள் லெனினிடமே ஆலோசனை கேட்டதாகவும், கட்சிக்கு இத்தனை தீங்கிழைத்தவரின் பக்கத்தில் கிடப்பது தமக்கு உவப்பில்லை என்று அவர் தெரிவித்ததாகவும் சபையில் எடுத்துரைத்தார். லெனின் மறைந்து அப்போது 37 ஆண்டுகள் ஆகிவிட்டன! பொருள்முதல்வாதிகளின் மகாநாடு அந்தச் சாட்சியத்தை மறுக்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது, மறுநாள் இரவே உடல் அகற்றப்பட்டது. இறந்தவரிடம் அபிப்பிராயம் கேட்டுக் காரியம் செய்த அச்சபையைப் பார்த்து நகைக்கும் வாசகர்கள், உயிரோடிருந்தவர்களிடம் ஒரு வார்த்தையும் கேளாது காரியம் செய்த வேறொரு சபையைச் சற்றுப் பின்னர்ச் சந்திப்பார்கள்.

இந்திய அணு ஆராய்ச்சியின் தந்தை எனப்படும் ஹோமி பாபா பிறந்ததும் 1909-ஆம் ஆண்டின் ஒக்டோபர் 30-இல்தான். இதற்கும் அந்தக் குண்டுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. சோதிடர்கள் வேண்டுமானால் மகிழ்ந்துகொள்ளட்டும்.

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். 1938-ஆம் ஆண்டு ஒக்டோபர் 30-ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணி. ஓர்சன் வெல்ஸ் என்ற 23 வயது இளைஞர், ஹெச். ஜி. வெல்ஸ் 1898-இல் நூலாக வெளியிட்ட ஒரு நாவலை வானொலி நாடகமாக்கி ஒலிபரப்பினார். நாடகமோ செய்தி அறிக்கையைப் போல அமைந்திருந்தது: இசை நிகழ்ச்சி நடுவிலே நின்றது, நியூ ஜேர்சி மாநிலத்தில் ஒரு கிராமத்தில் செவ்வாய்க் கிரகத்தவர் வந்திறங்கிவிட்டனர் என்று அறிவிப்பாளர் பதறினார். நாடகம் என்ற முன்னறிவிப்பைக் கேளாது இடையிலே வானொலியைத் திருப்பியவர்கள் சிலர் மெய்யாகவே அஞ்சினர். மறுநாட் பத்திரிகைகளோ, தேசமே வீட்டை விட்டு ஓடியதுபோல் எழுதித் தள்ளின. அந்தப் பீதியிற் பெரும்பங்கு பத்திரிகைகள் ஊதிப் பெருக்கியது என்பதைப் பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். வானொலியின்மீது அவற்றுக்கிருந்த தொழிற் பொறாமையும் அதில் கலந்திருந்தது.

அந்நியர் வந்து நிறைந்துவிட்டனர் என்று குரலெழுப்பினால் அஞ்சுவதற்கு ஆட்கள் எங்கும் உண்டு. நம் தீவிலே அப்போது அக்குரலை எழுப்பியவர்கள் நாடகக் கலைஞர் அல்லர்; அரசியல்வாதிகள். அவர்கள் சுட்டிய அந்நியரும் செவ்வாயிலிருந்து வந்தவர் அல்லர். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களிலிருந்து வந்தவரும் அவர்தம் மக்களும் பேரர்களுமே. அந்த வானொலி நாடகத்துக்கு மறு ஆண்டு, 1939-இல், இலங்கை அரசாங்கம் தன்கீழிருந்த இந்தியத் தினக்கூலித் தொழிலாளரை வேலையினின்று நீக்கத் தொடங்கியது. ஜவஹர்லால் நேரு கொழும்புக்கு வந்து பேசிப் பார்த்தார், பயனில்லை. இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது அந்த வருகையின் போதுதான். இந்திய அரசு ஓகஸ்ட் மாதத்தில், தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதையே தடைசெய்துவிட்டது. எனவே தோட்டத்துக்கு இனிமேல் அக்கரையிலிருந்து ஆள் வருவது நின்றது. அதற்குப் பின்னர் லயங்களில் நிறைந்தவர்கள் லயங்களிலேயே பிறந்தவர்கள். இதனை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். பின்னால் வரும் கணக்குக்கு இது தேவைப்படும்.

நிற்க. இந்த மக்கள் இம்மலைக்கு வந்ததெப்படி என்பதற்கும் ஒக்டோபர் 30-இல் ஒரு நூல்முனை அகப்படுகிறது. 1831-ஆம் ஆண்டு அந்நாளில் அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்தில் நாட் டர்னர் என்ற கறுப்பின அடிமை பிடிபட்டார். ஓகஸ்டில் அடிமைகளின் கிளர்ச்சியொன்றை நடத்தி, இரண்டு மாதங்களுக்கு மேல் காட்டில் ஒளிந்திருந்தவர். சில நாட்களில் அவரைத் தூக்கிலிட்டனர். அமெரிக்காவில் அடிமை முறை ஒழிய அதற்குப் பின்னும் மூன்று தசாப்தங்களுக்கு மேலாயின. பிரித்தானியப் பேரரசிலோ அது 1834-இல் சட்டப்படி முடிவுக்கு வந்தது. மேற்கிந்தியத் தீவுகளின் கோப்பித் தோட்டங்களில் விளைச்சல் சரிந்தது. இலண்டன் சந்தையில் இலங்கைக் கோப்பிக்கு இடம் உண்டாயிற்று. காடுகளை வெட்டி வீழ்த்தக் கைகள் தேவைப்பட்டன. அடிமையை விலைகொடுத்து வாங்க இயலாத காலத்தில், பஞ்சத்தால் விரட்டப்பட்டவனை முற்பணம் கொடுத்து அழைத்துவர இயன்றது. மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மலையேறியவர்களுள், வழியிலேயே வாந்திபேதியாலும் பசியாலும் மடிந்தவர் தொகையை முழுதாகக் கணக்கிட்டவர் எவருமிலர்.

மடுல்சீமை பதுளைக்குக் கிழக்கே, பசறைக்கும் அப்பால், மலைநாடு முடிந்து மட்டக்களப்புச் சமவெளி தொடங்கும் விளிம்பிலே கிடக்கிறது. அருகிலுள்ள பிட்டமாறுவைப் பாறைமுனையைச் சுற்றுலாப் பயணிகள் சின்ன உலக முடிவு என்று சொல்லி மகிழ்கிறார்கள். பதுளைக்குப் புகையிரதம் வந்ததே 1924-இல். இத்தகைய மூலையில் இருக்கும் ஊர் உலகச் சரித்திரத்தில் ஏறுவதற்கு வழியேது என்று தோன்றலாம். ஆனால் ஒருமுறை ஏறியிருக்கிறது. 1869-ஆம் ஆண்டில் மடுல்சீமைத் தோட்டமொன்றில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருக்கக் கண்டனர். பேராதனைத் தாவரப் பூங்காவின் தலைவர் துவைட்ஸ் நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கு பூஞ்சண நிபுணர் பெர்க்லி அதனை ஆராய்ந்து, அதே ஆண்டு நவம்பரில் ஹெமிலேயா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டு அச்சேற்றினார். இலத்தீன் மொழியில் பின்பாதிக்குப் பாழ்செய்பவள் என்பது பொருள். பெயர் வாயில் நுழையாத தோட்டத் துரைமார் அதனைப் பாழாக்கும் எமிலி என்று கேலியாக அழைத்தார்களாம். கேலி நெடுநாள் நீடிக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பித் தொழில் அழிந்தது. மடுல்சீமையிற் கண்ட அந்நோய் இன்று உலகில் கோப்பி விளையும் ஏறத்தாழ எல்லா நாடுகளிலும் பரவியிருக்கிறது.

சில மாதங்களுக்குள் அந்தப் பூஞ்சணத்துக்குப் பெயரும் பதிவும் கிடைத்துவிட்டன. அந்த இலையைத் தன் விரலால் முதலிற் புரட்டிப் பார்த்தது பெரும்பாலும் ஒரு கூலியாளின் கையாகத்தான் இருந்திருக்கும். அவனுக்குத் தோட்டப் பேரேட்டில் ஓர் எண் இருந்தது. 1901-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்த எண்ணைத் தகரத் துண்டில் பொறித்துக் கழுத்தில் மாட்டியும் விட்டார்கள்.

கோப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. 1867-இல் ஜேம்ஸ் டெயிலர் என்ற துரை கண்டி மாவட்டத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் அதனை வணிகப் பயிராக நட்டார். அசாமிலிருந்தும் சீனத்திலிருந்தும் வந்த செடி அது. இத்தீவின் மண்ணுக்கு முற்றிலும் அந்நியமானது. ஆயினும் ஒரு தலைமுறைக்குள் அது இலண்டன் ஏலச் சந்தையில் சிலோன் தேயிலை என்ற பட்டத்தைப் பெற்றுவிட்டது. ஊவாவில் கச்சான் காற்று வீசும் ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரையில் பறிக்கும் கொழுந்துக்குத் தனி மணமும் தனி விலையும் உண்டு. செடி வந்த ஊரை எவரும் விசாரிக்கவில்லை. அந்தச் செடியை நட்டவன் வந்த ஊரை மட்டும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக விசாரித்துக்கொண்டிருந்தார்கள்!

1945-ஆம் ஆண்டு ஒக்டோபர் 30-ஆம் திகதி இந்தியா ஐக்கிய நாடுகள் சபையின் ஆரம்ப உறுப்பினராகச் சேர்ந்தது. சுதந்திரம் பெறாத நாடொன்று சுதந்திர நாடுகளின் சபையில் இடம் பெற்ற விந்தை இது. மறு ஆண்டே அது தென்னாபிரிக்காவில் வாழும் இந்தியர் இழிவுபடுத்தப்படுவதை அச்சபையின்முன் முறையிட்டது. அப்போது டில்லியில் அமர்ந்திருந்தவர்கள் கடல்கடந்த தொழிலாளரைப் பற்றிப் பேசிய பேச்சுக்களைப் படிக்கும்போது நமக்கும் நெஞ்சு விம்முகிறது.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1947-ஆம் ஆண்டு அதே ஒக்டோபர் 30-ஆம் திகதி, ஜெனீவா நகரில் 23 நாடுகள் சுங்க வரிகளுக்கும் வர்த்தகத்துக்குமான பொது உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன. காட் ஒப்பந்தம் என்று சுருக்கமாக வழங்கியது இதுவே. இன்றைய உலக வர்த்தக நிறுவனத்தின் வேர். அந்த 23 நாடுகளுள் இந்தியா ஒன்று. இலங்கை மற்றொன்று. இலங்கைக்குச் சுதந்திரம் வர இன்னும் மூன்று மாதங்கள் இருந்தன. ஆனால் சரக்கு விஷயத்தில் ஒப்பமிடும் உரிமை முந்தியே வந்துவிட்டது.

இந்த உடன்படிக்கையை வர்த்தகர்களும் வழக்கறிஞர்களும் தவிர ஏனையோர் படிப்பதில்லை. படித்தால் வியப்புண்டாகும். முதற் பிரிவு, ஒரு நாட்டின் சரக்குக்கு அளிக்கும் சலுகையை மற்றெல்லா உறுப்பு நாடுகளின் அதேவகைச் சரக்குக்கும் அளிக்க வேண்டும் என்கிறது. அஃதாவது, ஒன்றை உயர்வாகவும் மற்றொன்றைத் தாழ்வாகவும் நடத்தலாகாது. ஐந்தாம் பிரிவு, ஒரு நாட்டின் வழியே பிறிதொரு நாட்டுக்குச் செல்லும் சரக்கைத் தடையின்றி விடவேண்டும் என்றும், அது எங்கே பிறந்தது, எங்கிருந்து புறப்பட்டது, யாருக்குச் சொந்தம் என்றெல்லாம் வேற்றுமை பாராட்டலாகாது என்றும், வீணே தாமதப்படுத்தலாகாது என்றும் விதிக்கிறது. ஒன்பதாம் பிரிவு இன்னும் நயமானது. சரக்கின்மேல் பொறிக்கும் பிறப்பிட அடையாளம் பற்றியது அது. அந்த அடையாளத்தின் பெயரால் சரக்குக்கு ஏற்படும் இன்னல்களை இயன்ற மட்டும் குறைக்க வேண்டுமாம்!

தேயிலைப் பெட்டிக்கு இவ்வளவு கரிசனம் காட்டப்பட்ட வேளையில், அப்பெட்டியை நிரப்பியவர்களின் நிலையும் நம்பிக்கைக்குரியதாகவே தோன்றியது. அதே ஆண்டு ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் நடந்த பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றிருந்தது. நுவரெலியாவில் எஸ். தொண்டமான், தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை என்று தோட்டத்து மக்களின் பிரதிநிதிகள் முதல் பாராளுமன்றத்துக்குச் சென்றனர். வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகள் வெல்லவும் தோட்டத்து வாக்குகள் துணைசெய்தன. ஆட்சியாளரின் கண்ணை உறுத்தியது இதுதான் என்று கூறுவாருளர். நானும் அவ்வாறே கருதுகிறேன்.

சுதந்திரம் வந்த 1948-ஆம் ஆண்டிலேயே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர் என்றோ காட்டினாலன்றி ஒருவன் பிரஜையல்லன். பிறப்பத்திரம் என்பதையே அறியாத லயத்தில் பாட்டனின் பிறப்புக்குச் சான்று எங்கே தேடுவது? மறு ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தவர்கள் இலட்சக்கணக்கானோர். உரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 134,000 பேர். எஞ்சியோரை இலங்கை இந்தியர் என்றது. இந்தியா இலங்கையர் என்றது. நாடற்றவர் என்ற புதுச்சொல் மலைநாட்டுத் தமிழில் நுழைந்தது இவ்வாறுதான்.

இனித் தயங்கிய இடத்துக்கு வருகிறேன்.

1964-ஆம் ஆண்டு ஒக்டோபர் 30-ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. புதுடில்லியில் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கடிதங்கள் பரிமாறி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். காட் உடன்படிக்கை கைச்சாத்தாகிச் சரியாக 17 ஆண்டுகள். ஒப்பமிட்டவை அன்று ஜெனீவாவில் இருந்த அதே இரண்டு நாடுகள். இம்முறை பொருள் சரக்கன்று, மனிதர். நாடற்றோர் தொகை 975,000 என்று கொள்ளப்பட்டது. அவர்களுள் 525,000 பேரை இந்தியா ஏற்கும்; 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்கும்; இடையிலே பிறக்கும் குழந்தைகளும் அதே விகிதத்தில் சேர்க்கப்படுவர்; யாவும் 15 ஆண்டுகளில் நிறைவேறும். எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டனர். ஏழு பேர் போக, நான்கு பேர் இருக்க என்ற இந்த விகிதத்தை 1967-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்தது.

எந்த ஏழு பேர்? எந்த நான்கு பேர்? அந்த மக்களிடம் எவரும் கேட்கவில்லை. தீபாவளிக்கு ஒரு வாரமும் இல்லாத நாள் அது. தோட்டங்களில் முற்பணம் கொடுத்து முடிந்திருக்கும். சிறுவர்க்குப் புதுச்சட்டை வாங்கப் பதுளைக்குப் போய் வந்திருப்பார்கள். அந்த வாரத்திலே அவர்கள் ஒரு வகுத்தற் கணக்கின் மீதியாக ஆகிவிட்டார்கள்.

டில்லி ஏன் இணங்கிற்று என்ற கேள்வி இயல்பானது. இங்கே குடியேறி வாழ்வோர் இலங்கையின் பொறுப்பே என்று நீண்ட காலம் வாதாடிய நேரு அவ்வாண்டு மே மாதத்தில் மறைந்துவிட்டார். 1962-இல் சீனத்துடன் நேர்ந்த போரின் புண் ஆறவில்லை. ஒப்பந்தத்துக்குச் சரியாக இரண்டு வாரங்களுக்கு முன்னர், ஒக்டோபர் 16-இல், சீனா தன் முதல் அணுகுண்டை வெடித்திருந்தது. அயல்நாடுகளின் நட்பு எவ்வகையிலேனும் வேண்டும் என்ற நெருக்கடி புதிய பிரதமருக்கு. இராஜதந்திரிகள் இவற்றை நியாயங்கள் என்பார்கள். நியாயங்களாகவே இருக்கட்டும். ஆயினும் நட்புக்கு விலையாகக் கொடுக்கப்பட்டவர்கள் நட்பின் இரு தரப்பிலும் இல்லாதவர்கள் அல்லவா? தென்னாபிரிக்க இந்தியருக்காக உலக சபையில் வழக்காடிய அதே தேசத்தின் கைதான் இந்தக் கடிதத்தில் ஒப்பமிட்டது.

தாயகம் திரும்புதல் என்ற பெயர் இதற்கு இடப்பட்டது. வராத இடத்துக்கு எவன் திரும்ப முடியும்? 1939-இல் வருகை நின்றது என்று முன்னர்க் குறித்தேன். 1968-இல் விண்ணப்பங்கள் கோரப்பட்டபோது முப்பது வயதுக்குட்பட்ட தோட்டத் தொழிலாளி பெரும்பாலும் இம்மண்ணிலேயே பிறந்தவன். அவன் அறிந்த இந்தியா பாட்டியின் பேச்சிலே மட்டும் இருந்தது. அதனாற்றான் இந்தியாவுக்கென ஒதுக்கிய தொகை நிரம்பவேயில்லை. இலங்கைக்கென ஒதுக்கியதைவிட மிகக் கூடுதலானோர் இலங்கையையே வேண்டினர். கணக்கு ஒரு பக்கம் சாய்ந்தது, மனிதர் மறுபக்கம் நின்றனர்.

கடலும் ஒரு வேடிக்கை செய்தது. ஒப்பந்தம் கைச்சாத்தாகி எட்டு வாரங்களுக்குள், டிசெம்பர் 22-ஆம் திகதி இரவு, புயல் தனுஷ்கோடியை விழுங்கிற்று. தலைமன்னாரிலிருந்து செல்லும் கப்பல் சேரும் துறையே அதுதான். பின்னர்க் கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட வண்டியை மக்கள் அழுகைக் கோச்சி என்று சொன்னார்கள். அம்மியும் குழவியும் மட்டக்கம்பும் விட்டுச் செல்ல மனமில்லாமல் மூட்டையிற் கட்டியவர்கள் உண்டு. மகள் அக்கரைக்கும் தாய் இக்கரைக்குமாகப் பிரிந்த குடும்பங்கள் தோட்டந்தோறும் உண்டு. இங்கே கள்ளத்தோணி என்று ஏசப்பட்டவர்கள் அங்கே இறங்கியதும் சிலோன்காரர் ஆனார்கள். நீலகிரியில் அவர்களுக்கென்று தமிழ்நாட்டு அரசு 1968-இல் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் மீண்டும் அதே கொழுந்து, அதே கூடை. கொடைக்கானல் மலையில் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களும் உளர். 1984-இல் போரின் காரணமாகக் கப்பல் நின்றது. இந்தியப் பிரஜை என்று எழுதப்பட்டும் புறப்படாதவர்கள் லயங்களிலேயே தங்கிவிட்டார்கள்.

விட்டுவைத்த 150,000 பேரின் கதை சுருக்கமானது. 1974 ஜனவரியில் சிறிமாவோ அம்மையாரும் இந்திரா காந்தியும் சந்தித்து, ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் பசுவைப் பங்கிடுவோரும் இதைவிட அதிகமாகத் தயங்குவர். தோட்டங்களில் பஞ்சம் தலைவிரித்தாடிய ஆண்டு அது. மாவுக்கும் மரவள்ளிக்கும் அலைந்து, பசியால் மாண்டவர்களும் உண்டு. அதே ஆண்டு ஒக்டோபர் 30-இல் சயீர் நாட்டுத் தலைநகர் கின்ஷாசாவில் முகம்மது அலி, தோல்வியே அறியாத ஜோர்ஜ் போர்மனை எட்டாம் சுற்றில் வீழ்த்தினார். வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்ததால் 1967-இல் பட்டம் பறிக்கப்பட்ட வீரர் அலி. பறித்ததை மீட்டுக்கொண்ட அந்தச் செய்தி உலகெங்கும் பாய்ந்து சென்றது. போட்டி நடந்தது விடியுமுன் நான்கு மணிக்கு. அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வசதியாக ஆப்பிரிக்கா கண்விழித்தது!

இன்னுமோர் ஒக்டோபர் 30-ஐயும் என் கொப்பியில் இதன் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன். 1995-இல் அந்நாளில், கனடாவிலிருந்து பிரிவதா இருப்பதா என்று கியூபெக் மாகாண மக்களிடம் கேட்டார்கள். நூற்றுக்கு 93 பேருக்கு மேல் வாக்களித்தனர். பிரிய வேண்டாம் என்றோர் 2,362,648 பேர். பிரிய வேண்டும் என்றோர் 2,308,360 பேர். வேற்றுமை 54,288 வாக்குகள். அவர்கள் எடுத்த முடிவு எதுவாயினும் ஆகுக. ஒரு மக்கட்கூட்டம் எந்த நாட்டுக்கு உரியது என்பதை அந்த மக்கட்கூட்டத்திடமே தலைக்கொரு வாக்காகக் கேட்கலாம் என்ற எளிய யோசனை அங்கே எவருக்கும் புதுமையாகப் படவில்லை.

இலங்கையில் எஞ்சியிருந்தோருக்கு உரிமை படிப்படியாக வந்தது. 1988-இல் ஒரு சட்டம். 2003-இல் மற்றொரு சட்டம். பின்னைய சட்டத்தால் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பிரஜைகளாவர் என்று மதிப்பிடப்பட்டது. இவ்வாறு 55 ஆண்டுகளில் அக்கேள்வி சட்டப்படி முடிந்தது. லயம் முடியவில்லை.

2014-ஆம் ஆண்டு ஒக்டோபர் 30-ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பொன்விழா நாள். எவரும் அதனைக் கொண்டாடவில்லை, நினைக்கவும் அவகாசமில்லை. முதல் நாட் காலையில், மடுல்சீமை அமைந்துள்ள அதே பதுளை மாவட்டத்தின் தென்கோடியில், கொஸ்லந்தை மீறியபெத்தைத் தோட்டத்தின்மேல் மலை சரிந்து விழுந்திருந்தது. அந்த இடம் ஆபத்தானது, குடியிருப்பை அகற்ற வேண்டும் என்று 2005-லும் 2011-லும் எச்சரிக்கை விடப்பட்டிருந்தும், லயங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் திரும்பி வந்து பார்த்தபோது வீடு இருந்த இடத்தில் சேறு இருந்தது.

ஒக்டோபர் 30-ஆம் நாள் முழுதும் இராணுவத்தினரும் தோட்டத்து இளைஞரும் மழையிலே மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தனர். உள்ளே எத்தனை பேர் என்று கேட்டவர்களுக்கு ஒவ்வோர் அதிகாரியும் ஒவ்வோர் எண்ணைக் கூறினார். முதற் செய்திகள் நூற்றுக்கணக்கானோர் என்றன; நாளடைவில் அந்தத் தொகை பல மடங்கு சுருங்கியது. ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் என்று புதுடில்லியில் ஆயிரத்துக்குச் சரியாக எண்ணிப் பங்கிட்டு ஐம்பது ஆண்டுகள் சென்ற அந்நாளில், ஒரே தோட்டத்தின் சில லயங்களில் எத்தனை பேர் குடியிருந்தார்கள் என்பதை ஒருவராலும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. மண்ணுக்குள் கிடந்தவர்களுள் பலர் மேலே எடுக்கப்படவேயில்லை.